பள்ளிச்சந்தம் வைகாவூர்: திருமலைக் கல்வெட்டுகள் காட்டும் ஓர் இடைக்கால மலையூரின் வரலாறும் இயல்பும்

ஆய்வுச் சுருக்கம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரை அடுத்துள்ள திருமலை, முதலாம் இராசேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பை விரித்துரைக்கும் கல்வெட்டால் வரலாற்று நூல்களில் நிலைபெற்ற பெயராகும். ஆயினும் அக்கல்வெட்டைத் தாங்கிய ஊரைப் பற்றிய ஆய்வு அக்கல்வெட்டின் புகழுக்கு ஈடாக வளரவில்லை. இடைக்காலத்தில் வைகாவூர் எனப்பட்ட அந்தச் சமண மலையூரின் கல்வெட்டுகளை ஒருசேர வைத்து, அவ்வூரின் நீர்நிலை, நிலத்தகுதி, கொடையாளர், திருப்பணி ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கி.பி. 10ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை அரசுகள் பலமுறை மாறியபோதும் இவ்வூர் தொடர்ந்து இயங்கியது. மலைமேல் இருந்த பள்ளியும் மலையடியில் இருந்த வேளாண்மையும் ஒரே அமைப்பின் இரு பகுதிகளாகப் பேணப்பட்டதே அத்தொடர்ச்சிக்கு அடிப்படை என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: திருமலை, வைகாவூர், பள்ளிச்சந்தம், குந்தவை சினாலயம், கலிங்கு, விடுகாதழகிய பெருமாள், சம்புவராயர், தமிழ்ச் சமணம்.

முன்னுரை

ஒரு கல்வெட்டில் மெய்க்கீர்த்தியும் உண்டு. கொடைச் செய்தியும் உண்டு. மெய்க்கீர்த்தி அரசனைப் பேசும். கொடைச் செய்தி ஊரைப் பேசும். அரசியல் வரலாற்றை முதன்மையாகக் கொண்ட ஆய்வு மரபு முன்னதையே பெரிதும் தேடிப் படித்தது. இதற்குத் திருமலைக் கல்வெட்டினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1024-25) பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டு ஒட்டதேயம், கோசலம், தண்டபுத்தி, தக்கணலாடம், வங்காளதேசம், உத்திரலாடம் முதலிய நாடுகளையும் அவற்றை ஆண்ட தன்மபாலன், இரணசூரன், கோவிந்தசந்திரன், மகிபாலன் ஆகியோரையும் வரிசைப்படுத்திக் கங்கையில் முடிகிறது. 14ஆம் ஆட்சியாண்டு முதல் இம்மன்னனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் கடாரப் படையெடுப்பு இதில் இல்லை. எனவே கங்கைப் போர், கடாரப் போர் ஆகியவற்றின் காலவரிசையை உறுதி செய்ய இக்கல்வெட்டு இன்றியமையாதது. வங்காள வரலாற்றை எழுதுவோரும் இதனைத் தவறாது எடுத்தாள்வர்.

மெய்க்கீர்த்தி முடிந்த பின் வரும் பகுதி சிறியது. ஒரு வணிகனின் மனைவி ஒரு விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு கொடுத்தாள் என்பதே அதன் செய்தி. கல்வெட்டு பொறிக்கப்பட்டதன் நோக்கம் அச்செய்தியே. கங்கை வெற்றி அதற்கு ஆண்டுக் குறிப்பாக அமைந்த முகவுரை மட்டுமே. நோக்கத்தை விட்டு முகவுரையை மட்டும் படித்தமையால் வைகாவூர் என்னும் ஊர் வரலாற்றின் விளிம்பில் நின்றுவிட்டது.

இ. ஹூல்ச் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. திருமலையின் கல்வெட்டுகள் அதில் தொடர்ச்சியாக இடம்பெற்றுள்ளன. அவற்றுட் சில, கோபுரத்துக்கும் ஓவியக் குகைக்கும் இடையிலுள்ள படிகளின் அடியில் மறைந்திருந்த பாறைகளில் கண்டறியப்பட்டவை. அக்கல்வெட்டுகளையும் பின்னர் படியெடுக்கப்பட்டவற்றையும் ஊர் வரலாற்று நோக்கில் இணைத்துப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது.

நிலமும் நாட்டுப் பிரிவும்

திருவண்ணாமலை மாவட்டத்தின் கீழ்பென்னாத்தூர், போளூர், ஆரணி, வந்தவாசிப் பகுதிகளில் சமவெளிக்கு நடுவே பாறைக் குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்கும். மேற்கே சவ்வாது மலைத்தொடர் நீண்டு கிடக்கும். இந்நிலப்பகுதியின் ஒரு பிரிவுக்குப் பல்குன்றக் கோட்டம் என்று பெயர் வழங்கியது நிலத்தின் தோற்றத்தோடு முற்றும் பொருந்துவதாகும். நன்னனின் நவிரமலையைப் பாடும் மலைபடுகடாம் இந்நிலத்துக்கு உரியது.

இத்தகைய குன்றுகளை ஒட்டி அமைந்த ஊர்களை மலையூர் என்று சொல்லும்போது, மலைமேல் வாழும் குடிகளின் ஊரை எண்ணிவிடக் கூடாது. வைகாவூரின் குடியிருப்பும் வயலும் மலையடியில் இருந்தன. பள்ளியும் திருமேனிகளும் மலைச்சரிவிலும் உச்சியிலும் இருந்தன. ஊர் கீழே, அதன் பொருள் மேலே. கல்வெட்டுகளும் இவ்வாறே மலையடி, நடுச்சரிவு, உச்சிக்கு அண்மை என மூன்று நிலைகளிலும் பரவியுள்ளன.

இராசேந்திரன் காலக் கல்வெட்டு இவ்வூரைச் சயங்கொண்ட சோழமண்டலத்துப் பங்களநாட்டின் நடுவில் வகையைச் சேர்ந்த முகைநாட்டுப் பள்ளிச்சந்தம் வைகாவூர் என்று குறிக்கிறது. மண்டலம், நாடு, உள்நாடு, ஊர் என்று படிப்படியாக இறங்கும் இம்முகவரி, சோழர் ஆட்சிக் கணக்கில் இம்மலையூர் உறுதியான இடம் பெற்றிருந்ததைக் காட்டும்.

ஊர்ப்பெயரும் மலைப்பெயரும் ஒன்றை ஒன்று தழுவி வந்துள்ளன. கி.பி. 1005-06ஆம் ஆண்டுக் கல்வெட்டு மலையை வைகைமலை என்கிறது. இராசேந்திரன் காலத்தில் வைகாவூர்த் திருமலை என்பது வழக்கு. 14ஆம் நூற்றாண்டில் வைகைத் திருமலை என்று சுருங்கியது. இன்று ஊரே திருமலை எனப்படுகிறது. ஊரின் பெயரால் அறியப்பட்ட மலை காலப்போக்கில் ஊருக்கே பெயராகிவிட்டது. ஒரு திருத்தலத்தை ஒட்டிய குடியிருப்பு தன் தனிப்பெயரை இழப்பது தமிழகத்தில் பரவலாகக் காணப்படும் மாற்றமாகும்.

பள்ளிச்சந்தம் என்னும் தகுதி

வைகாவூர் பள்ளிச்சந்தம் என்று குறிக்கப்படுவது கூர்ந்து நோக்கத்தக்கது. சைவ, வைணவக் கோயில்களுக்கு விடப்பட்ட நிலம் தேவதானம் எனவும், அந்தணர்க்கு விடப்பட்டது பிரமதேயம் எனவும், சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்டது பள்ளிச்சந்தம் எனவும் சோழர் காலத்தில் வழங்கின. ஆகவே வைகாவூர் சமணர் வாழ்ந்த ஊர் என்பதோடு அமையாது. அதன் நிலவருவாய் பள்ளிக்கு உரிமையாக்கப்பட்டிருந்தது. ஊரில் விளையும் நெல்லுக்கும் மலைமேல் எரியும் விளக்குக்கும் இடையே சட்டமுறையான தொடர்பு இருந்தது என்பதே அதன் பொருள்.

இத்தகுதி என்றும் மாறாப் பாதுகாப்பை அளித்ததாகக் கருதுவதற்கில்லை. ஆர்க்காட்டை அடுத்த பஞ்சபாண்டவமலையில் உள்ள முதலாம் இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இதற்குச் சான்று. திருப்பான்மலைப் பள்ளிக்குரிய பள்ளிச்சந்தமாகிய கூரகன்பாடியிலிருந்து கற்பூரவிலை முதலிய வருவாய் வேறிடம் சென்றமையால் பள்ளிச்சந்தம் கெட்டது. இலாடராசன் வீரசோழனின் தேவி அதனை அவனிடம் எடுத்துரைக்க, அவன் அவ்வரிகளை நீக்கினான். பள்ளிச்சந்தம் என்பது எழுதி வைத்தவுடன் நிலைத்துவிடும் உரிமை அன்று என்பதும், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரேனும் அதனைக் கேட்டுப் பெற்றுக் காக்க வேண்டியிருந்தது என்பதும் இதனால் விளங்கும். வைகாவூரின் கல்வெட்டுகளை இப்பின்னணியில் படிக்க வேண்டும்.

நீரும் நெல்லும்: குணவீரமாமுனிவன் அமைத்த கலிங்கு

திருமலைக் கல்வெட்டுகளுள் இவ்வூரின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டுவது, மலையடிக் கோபுரத்துக்கு முன்னே புதைந்திருந்த பாறையில் உள்ள கல்வெட்டாகும். அது முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1005-06) வெட்டப்பட்டது. பாடல் வடிவில் அமைந்த இக்கல்வெட்டு மன்னனைப் பொன்னியாறு உடைய சோழன் அருண்மொழி என்று இயற்பெயரால் சுட்டுகிறது. குணவீரமாமுனிவன் என்னும் சமண முனிவர் கணிசேகர மருபொற்சூரியன் என்பவரின் பெயரால் கலிங்கு ஒன்றை அமைத்து, வைகைமலையின் இருமருங்கும் நெல் விளையச் செய்தார் என்பது அதன் செய்தி. மருபொற்சூரியனைச் சமண ஆசிரியர் எனக் கொள்வர்.

கலிங்கு என்ற சொல்லை ஹூல்ச் மதகு என்னும் பொருள்பட மொழிபெயர்த்தார். தமிழக ஏரிப்பாசன வழக்கில் தூம்பும் மதகும் வயலுக்கு நீரை அளந்து விடுபவை. கலிங்கு என்பது ஏரி நிரம்பியபின் மிகுநீரை வெளியேற்றும் அமைப்பு. இவ்வேறுபாடு இங்குப் பொருளுடையது. பாறைக் குன்றின் மேல் விழும் மழை மண்ணில் ஊறித் தங்காமல் விரைந்து கீழே வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலையடி ஏரி சில நாழிகைகளில் நிரம்பிவிடக்கூடும். மிகுநீருக்குப் போக்கிடம் இல்லையேல் கரை உடையும்; கரை உடைந்தால் வந்த நீரும் போகும், விளைந்த பயிரும் போகும். எனவே மலையூருக்குக் கலிங்கு தூம்பினும் குறைந்த தேவையன்று. கல்லால் உறுதியாகக் கட்டிய கலிங்கு இருந்தால் ஏரியில் கூடுதல் உயரத்துக்கு நீரைத் தேக்கலாம். வெளியேறும் நீரையும் அடுத்த நிலத்துக்குத் திருப்பலாம். மலையின் இருமருங்கும் நெல் விளைந்தது என்ற கூற்றை இப்பாசன முறையோடு இணைத்துப் பொருள் கொள்வது பொருந்தும்.

முனிவர் ஒருவர் நீர்ப்பணி செய்ததும் கருதத்தக்கது. திகம்பர முனிவர் உடைமை துறந்தவர். தம்பொருட்டு வேளாண்மை செய்யாதவர். ஆயினும் பள்ளிச்சந்த நிலம் விளையாவிடில் பள்ளி நிலைக்காது. முனிவர் தம் பெயரை விடுத்து வேறொருவர் பெயரைக் கலிங்குக்குச் சூட்டியது துறவு நெறிக்கு இயைந்தது. துறவறமும் நீராண்மையும் ஒருவரிடத்தே முரணின்றிச் சேர்ந்தமைக்கு இக்கல்வெட்டு அரிய சான்றாகும்.

இவரை நேமிநாதம் என்னும் இலக்கண நூலை இயற்றிய குணவீர பண்டிதரோடு மயங்குதல் கூடாது. பெயர் ஒற்றுமையும் சமயமும் மட்டுமே இருவர்க்கும் பொது. நேமிநாத ஆசிரியர் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவராகக் கொள்ளப்படுபவர். கலிங்கு அமைத்தவரோ அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முற்பட்டவர்.

விளக்கும் காசும்: கொடையாளர் யார்?

வைகாவூருக்குக் கொடையளித்தோரைத் தொகுத்து நோக்கினால் இரு செய்திகள் புலனாகின்றன. ஒன்று, அவர்களுட் பெண்கள் சிறப்பிடம் பெறுகின்றனர். மற்றொன்று, பலர் வெளியூரார்.

இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் கி.பி. 949இல் தக்கோலப் போரில் சோழரை வென்ற பின்னர்த் தொண்டை மண்டலம் அவன் ஆட்சிக்கு உட்பட்டது. கன்னரதேவன் என்று தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கும் அவனது 19ஆம் ஆட்சியாண்டில், அவன் தேவி கங்கமாதேவியின் பணியாளர் ஒருவர் திருமலை இயக்கனுக்கு விளக்கு வைத்தார். இராசேந்திரனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஆரம்பநந்தி என்று பெயர் கூறப்படும் திருமலைத் தேவருக்கு வைத்த விளக்கொன்றையும், பல்லவ அரசரின் தேவி சின்னவை முன்னர் வைத்திருந்த மற்றொரு விளக்கையும் சேர்த்து அவற்றின் பராமரிப்புக்குக் காசு ஒதுக்குகிறது. 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டின் கொடையாளி, பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் இருந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை. 14ஆம் நூற்றாண்டில் திருமேனி செய்தளித்த நல்லாத்தாள் பொன்னூரைச் சேர்ந்தவள்.

நன்னப்பயன், சாமுண்டப்பை என்னும் பெயர்கள் கன்னட நாட்டுப் பெயர் மரபை ஒத்திருக்கின்றன. பெரும்பாணப்பாடி வாணர் மரபினரின் ஆட்சியை நினைவூட்டும் பெயர். கன்னட நாட்டுச் சமணத்துக்கும் தொண்டை மண்டலச் சமணத்துக்கும் இடையே வணிகர் வழியாக நிலவிய உறவை இப்பெயர்கள் சுட்டுவனவாகலாம். எவ்வாறாயினும் வைகாவூர் தன் குடிகளின் கொடையை மட்டுமே நம்பிய ஊர் அன்று என்பது தெளிவு. வழிபடுவோரின் பரப்பு ஊரின் எல்லையைக் கடந்து விரிந்திருந்தது.

கொடையின் வடிவமும் நோக்கத்தக்கது. சோழர் காலத்தில் நந்தா விளக்குக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடு விடுவது பெருவழக்கு. சாவா மூவாப் பேராடு எனப்படும் அவை இடையரிடம் ஒப்படைக்கப்பட, அவர்கள் நாள்தோறும் நெய் அளப்பர். சாமுண்டப்பையோ விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் கொடுத்தாள். வணிகக் குடும்பத்தின் கொடை காசாக வந்தது இயல்பே. காசைப் பெற்று முதல் அழியாமல் வைத்துப் பயனைக் கொண்டு விளக்கெரிக்க, பொறுப்பேற்கும் அமைப்பு ஒன்று ஊரில் இருந்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். முன்பு வைத்த சின்னவையின் விளக்கையும் புதிய கொடையோடு இணைத்துக் கணக்கிட்டமை அவ்வமைப்பின் நினைவாற்றலைக் காட்டும். பழைய கொடைகள் மறக்கப்படவில்லை. புதிய கொடையின்போது அவையும் புதுப்பிக்கப்பட்டன.

குந்தவை சினாலயம்

சாமுண்டப்பை விளக்கு வைத்த கோயிலின் பெயர் ஸ்ரீ குந்தவை சினாலயம். இதனை மலையுச்சிக் கோயிலின் பெயராக ஹூல்ச் கொண்டார். முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையே இதனை எடுப்பித்தார் என்பது ஆய்வாளர் பலர் ஏற்ற கருத்தாகும். இராசராசபுரம் எனப்பட்ட தாதாபுரத்தில் குந்தவை விண்ணகர், இரவிகுலமாணிக்க ஈசுவரம், குந்தவை சினாலயம் என மூன்று சமயக் கோயில்களையும் அவர் எடுப்பித்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. திருமலையின் சினாலயம் அக்கொடை மரபோடு இயைந்து வருவது.

அரசகுடும்பத்தின் பெயரைத் தாங்கியது இம்மலையூரின் தகுதியை உயர்த்தியிருக்கும். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறித்தல் வேண்டும். தாதாபுரம் அரசகுடும்பத்தின் விருப்பால் கோயில்கள் பெருகிய இடம். வைகாவூரோ குந்தவைக்கு முன்பே பள்ளி இருந்த ஊர். இராட்டிரகூடர் காலக் கொடையே அதற்குச் சான்று. சோழ அரசி இங்குச் சமணத்தைத் தோற்றுவிக்கவில்லை. நடந்துகொண்டிருந்த ஒன்றில் தாமும் பங்கேற்றார்.

எழினியும் யவனிகாவும்: பழுதுபார்ப்பின் அரசியல்

12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தகடூர்ப் பகுதியை ஆண்டவன் அதியமான் மரபினனாகிய விடுகாதழகிய பெருமாள். இவன் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவன்; இராசராச அதியமானின் மகன். சேரர் குலத்து எழினி முன்னர்ச் செய்வித்த இயக்கன், இயக்கி ஆகியோரின் திருமேனிகள் பழுதுற்றிருக்க, அவற்றைச் சீர்செய்து திருமலையில் எழுந்தருளச் செய்ததை அவனது கல்வெட்டு கூறும். அதனோடு எறிமணி ஒன்றையும் அளித்தான். கடப்பேரிக்குக் கால்வாயும் அமைத்தான்.

இக்கல்வெட்டு வடமொழி உரைநடை, வடமொழிப் பாடல், தமிழ்ப் பாடல் என மூன்று பகுதிகளால் ஆனது. ஒரே செய்தி இரு மொழிகளில் சொல்லப்பட்டதால் பெயர்கள் மொழிபெயர்க்கப்பட்ட முறை தெரியவருகிறது. விடுகாதழகியன் என்னும் பெயர் வடமொழியில் வியாமுக்த சிரவணோச்சுவலன் ஆகிறது. காது என்பது சிரவணம் என்றும் அழகு என்பது உச்சுவலம் என்றும் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டுள்ளன. எழினி என்ற சொல்லுக்குத் திரைச்சீலை என்பது பொருளாதலின் அது யவனிகா ஆயிற்று. திருமலை அருகசுகிரி ஆகிறது. தமிழ்ப் பாடலில் அது எண்குண இறைவனின் திருமலை. அருகனுக்குரிய எட்டுக் குணங்களைச் சுட்டும் எண்குணம் என்னும் தொடர் தமிழ்ச் சமண மரபில் வேரூன்றியது. இவ்வகையில் இக்கல்வெட்டு இடைக்கால மொழிபெயர்ப்பு வரலாற்றுக்கும் ஒரு மூலச் சான்றாகும்.

எழினி என்னும் பெயர் சங்க கால அதியமான் மரபினர்க்குரியது. திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள சம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி பள்ளி ஒன்றை ஈந்ததைக் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில் அதே மரபுப்பெயர் தாங்கிய ஒருவன் மற்றொரு சமண மலையில் திருப்பணி செய்திருப்பது வியப்பளிப்பது. எனினும் விடுகாதழகிய பெருமாள் குறிக்கும் எழினியைச் சங்கப் பாடல்களின் எழினியோடு உடனே ஒன்றாக்கிவிடல் தகாது. இயக்கன், இயக்கி வழிபாடு தமிழகத்தில் சிற்ப வடிவில் வளம் பெற்றது பிற்காலத்தில். இக்கல்வெட்டைக் காலக்கணக்கிற்குரிய சான்றாகக் கொள்வதைவிடக் குடிப்பெருமை பற்றிய நினைவாகக் கொள்வதே பொருத்தம். சிற்றரசன் ஒருவன் தன் முன்னோரின் புகழை நிறுவ இம்மலையைத் தேர்ந்தெடுத்தான் என்பதே இதில் உறுதியான வரலாற்றுச் செய்தி.

அவன் செய்தவற்றின் வகைப்பாடு மீண்டும் இவ்வூரின் இயல்பையே காட்டுகிறது. மலைமேல் திருமேனியும் மணியும், மலைகீழ் ஏரிக்காலும். குணவீரமாமுனிவன் கலிங்கு அமைத்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து வந்த அரசனுக்கும், மலைக்குத் திருப்பணி செய்வதென்றால் நீருக்கும் பணி செய்ய வேண்டும் என்பது விளங்கியிருந்தது.

சம்புவராயர், விசயநகரக் காலங்கள்

சோழப் பேரரசு தளர்ந்தபோது இப்பகுதி சம்புவராயர் ஆட்சிக்கு வந்தது. படைவீடு அவர்களின் தலைநகராக விளங்கியது. மூன்றாம் இராசராசனின் 20ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1235-36) அத்திமல்லன் சம்புகுலப் பெருமாளான இராசகம்பீரச் சம்புவராயன் இராசகம்பீரநல்லூர் என்னும் ஊரை அண்டங்கள் பங்களராயர் என்பவருக்கு அளித்த செய்தி திருமலையில் பொறிக்கப்பட்டுள்ளது. ஊர் தன்னை அளித்தவனின் பெயரையே தாங்கியது.

14ஆம் நூற்றாண்டில் இராசநாராயணச் சம்புவராயன் காலத்தில் பொன்னூர் மண்ணைப் பொன்னாண்டையின் மகள் நல்லாத்தாள், பொன்னெயில்நாதர் என்னும் அருகர் திருமேனியை வைகைத் திருமலையில் எழுந்தருளச் செய்தாள். வந்தவாசிப் பகுதியிலுள்ள பொன்னூர், குந்தகுந்த ஆசாரியரோடு மரபுவழியாகத் தொடர்புபடுத்தப்படும் சமணத் தலம். தம் ஊரிலேயே புகழ்பெற்ற தலம் இருக்க, திருமலையில் திருமேனி வைத்தமை தொண்டை மண்டலச் சமண ஊர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததை உணர்த்தும்.

சம்புவராயரைக் குமார கம்பணர் வென்றபின் விசயநகர ஆட்சி ஏற்பட்டது. சக ஆண்டு 1296, ஆனந்த ஆண்டில் (கி.பி. 1374) கம்பண உடையாரின் மகன் ஓம்மண உடையார் காலத்துக் கல்வெட்டு ஒன்று மலையடி மண்டபச் சுவரில் உள்ளது. சம்புகுலப் பெருமாள் அகரம் என்ற இராசகம்பீரநல்லூரார், விட்டுணு கம்புளி நாயகன் என்பவரோடு செய்துகொண்ட நில விற்பனை ஒப்பந்தத்தை அது பதிகிறது. 1235இல் திருமலைப் பாறையில் பெயர் பெற்ற அதே ஊர், 140 ஆண்டுகளுக்குப் பின் அகரமாகத் தன் நில ஆவணத்தை அதே மலையில் எழுதி வைத்தது. அகரம் என்பது அந்தணர் குடியிருப்பைக் குறிக்கும் சொல். சமண மலை ஒன்று அகரத்தாரின் ஆவணத்துக்கும் இடம் தந்தது. இதனை நோக்குமிடத்துத் திருமலை சமணர்க்கு மட்டுமன்றிச் சுற்றுவட்டாரத்துக்கே நம்பகமான ஆவணக் களமாக இருந்தது என்று கருத இடமுண்டு.

மலையின் அகம்: குகையும் திருமேனியும் ஓவியமும்

மலைச்சரிவில் பெரும்பாறை ஒன்று கவிந்து இயற்கைக் குகையாகியுள்ளது. அதன் கீழ்ச் சுவர்கள் எழுப்பி அறைகளாகத் தடுத்துள்ளனர். அவ்வறைகளில் கூட்டாண்டி, பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர் ஆகியோரின் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. கூட்டாண்டி எனப்படும் அம்பிகையைத் தமிழ்ச் சமணர் தருமதேவி என்று போற்றுவர். சுவரிலும் விதானத்திலும் உள்ள ஓவியங்களில் சமவசரண அமைப்பு வட்டவடிவில் தீட்டப்பட்டுள்ளது. எஞ்சியுள்ள ஓவியங்களிற் பெரும்பகுதி விசயநகரக் காலத்தவை எனக் கலை வரலாற்றாளர் மதிப்பிடுவர்.

பாறையில் நின்ற கோலத்தில் செதுக்கப்பட்டுள்ள நேமிநாதர் திருமேனி ஏறத்தாழ 16 அடி உயரமுடையது. சிகாமணிநாதர் என்பது அதன் வழக்குப் பெயர். தமிழகச் சமணத் திருமேனிகளுள் உயரத்தால் தலைசிறந்ததாக இது கருதப்படுகிறது. நேமிநாதரின் மற்றொரு பெயர் அரிட்டநேமி. கடைக்கோட்டூர் அரிட்டநேமி ஆசாரியர் இயக்கித் திருமேனி செய்வித்ததை இம்மலையின் மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. அவர் திருமலைப் பரவாதிமல்லரின் மாணாக்கர். பரவாதிமல்லர் என்பது பிறவாதிகளை வாதில் வெல்லும் மல்லர் எனப் பொருள்படும் பட்டம். ஆசிரியர், மாணாக்கர் என்ற உறவு கல்வெட்டில் தவறாது குறிக்கப்பட்டமை, திருமலை வழிபாட்டிடமாக மட்டுமன்றிக் கற்பித்தலும் வாதமும் நிகழ்ந்த இடமாகவும் இருந்ததை உணர்த்தும்.

ஊரின் இயல்பு

மேற்கண்ட சான்றுகளை இணைத்தால் இடைக்கால வைகாவூரின் இயல்பு மூன்று கூறுகளில் அடங்கும்.

முதலாவது, மலைக்கும் வயலுக்கும் இடையிலான பிணைப்பு. முனிவர் கலிங்கு அமைத்ததும் அரசன் ஏரிக்கால் வெட்டியதும் தற்செயலான அறச்செயல்கள் அல்ல. பள்ளிச்சந்த ஊரில் நீர்ப்பணி செய்வது பள்ளிக்குச் செய்யும் பணியேயாகும்.

இரண்டாவது, புதுக்குதலைப் போற்றும் மனப்பாங்கு. சின்னவையின் விளக்கு பிற்காலக் கொடையோடு சேர்த்துப் பேணப்பட்டது. எழினியின் திருமேனிகள் சீர்செய்யப்பட்டன. முன்னதை அழித்துப் புதியது நிறுவுவதைவிட, முன்னதைச் சொல்லி அதன்மேல் சேர்ப்பதே இம்மலையின் வழக்கமாகக் காணப்படுகிறது.

மூன்றாவது, எந்த ஒரு புரவலரையும் முற்றச் சாராமை. இராட்டிரகூட அரசியின் பணியாளர், சோழ அரசி, வணிகன் மனைவி, அதியமான், வெளியூர்ப் பெண் எனக் கொடையாளர் மாறிக்கொண்டே வந்தனர். அரசு வீழ்ந்தபோது ஒரு கொடையாளர் வரிசை முடிந்தது, ஊர் முடியவில்லை. பேரரசின் ஆதரவை மட்டும் கொண்டு தமிழகச் சமணத்தின் ஏற்ற இறக்கத்தை விளக்கும் போக்கு, இத்தகைய ஊர்களின் தொடர்ச்சியை விளக்கப் போதாது.

இத்தொடர்ச்சி இன்றும் அறுபடவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துத் தமிழ்ச் சமணர்க்குத் திருமலை வாழும் தலமாகவே உள்ளது. 1998இல் இங்கு நிறுவப்பட்ட சமண மடத்தின் பெயர் அரகந்தகிரி. அருகசுகிரி என்று விடுகாதழகிய பெருமாளின் கல்வெட்டு சொன்ன பொருளே அப்பெயரிலும் ஒலிக்கிறது.

முடிவுரை

கங்கையும் வங்கமும் இடம்பெறும் கல்வெட்டு வைகாவூரில் கிடைத்தது தற்செயல் அன்று. தலைநகரில் இயற்றப்பட்ட மெய்க்கீர்த்தியைப் பிழையின்றிப் பெற்றுப் பொறிக்கத்தக்க எழுத்தறிவும் ஆவணப் பழக்கமும் அவ்வூரில் இருந்தன. காசைப் பெற்று விளக்கைப் பேணும் அமைப்பு இருந்தது. அவ்வமைப்பைத் தாங்க மலையின் இருமருங்கும் நெல் விளைந்தது. மெய்க்கீர்த்தியின் சிறப்பு சோழர்க்குரியது. அது நமக்குக் கிடைத்த சிறப்பு இம்மலையூர்க்குரியது.

படிகளின் அடியிலும் மண்ணின் அடியிலும் மறைந்திருந்த பாறைகளே இவ்வரலாற்றைத் தந்தன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். திருப்பணியின்போது பாறையைக் கொத்துவதும் சுண்ணாம்பு பூசுவதும் சிமெண்டு இடுவதும் இன்றும் பல மலைத் தலங்களில் நிகழ்கின்றன. அவற்றால் அழிவது பெரும்பாலும் அரசர் பெயரன்று. அது வேறு நூறு இடங்களில் உள்ளது. சாமுண்டப்பை, சின்னவை, நல்லாத்தாள், குணவீரமாமுனிவன் போன்றோரின் பெயர்கள் அவ்வவ் பாறையில் மட்டுமே உள்ளன. ஆகவே இத்தகைய மலையூர்களின் கல்வெட்டுகளை அவற்றின் ஏரி, கால்வாய், வயல் அமைப்போடு சேர்த்து ஊர்தோறும் களஆய்வு செய்வது இனி மேற்கொள்ளத்தக்க பணியாகும். பல்குன்றக் கோட்டத்தின் ஒவ்வொரு குன்றடியிலும் வைகாவூரைப் போன்றதோர் ஊரின் வரலாறு மலையையும் நீரையும் ஒருசேரப் படிப்பார்க்கு வெளிப்படக்கூடும்.